பெரிய டயர் போட்டால் கார் பெரிதாக உயராது, மட்காட்டில்தான் உரசும்

"சின்னக் காருக்கு எந்த ரிம்மும் போடலாம், நட்டு ஓட்டை பொருந்தினால் போதும், கிரவல் வீதிக்குப் பெரிய டயர்தான் நல்லது" என்று கிளிநொச்சி, மாங்குளம் பக்கக் குழுக்களில் ஒரு மெசேஜ் சுற்றுகிறது.

அது பிழை.

ஆல்ட்டோ 800 காருக்கு வரும் டயர் அளவு 145/80 ஆர்12. அகலம் 145 மி.மீ, பக்கச்சுவர் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 12 அங்குலம், ஆக முழு டயர் சுமார் 537 மி.மீ உயரம். அதைக் கழற்றிவிட்டு 155/80 ஆர்13 போட்டால் 578 ஆகிவிடும். நிலத்திலிருந்து கூடுவது வெறும் 2 சென்டிமீட்டர், ஆனால் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது உள்ளே உரசலாம், ஸ்பீடோமீட்டரும் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும்.

சரியான அளவும் காற்றழுத்தமும் சாரதிக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் அல்லது வாகனக் கைநூலில் இருக்கும், பிள்ளைகளை ஏற்றி ஓடுகிற வண்டி, தயவுசெய்து ஒருதரம் பாருங்கள். அந்த மெசேஜை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.