சரவிளக்குக்குப் பணம் இருக்கிறது

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது டர்பனில் பாதிப் பேருக்குத் தெரியும், திரும்பச் சொல்லப்போவதில்லை. நம் கல்யாண மண்டபத்தைப் புதுப்பிக்கும் பட்டியலிலிருந்து ஸ்பிரிங்க்ளரை, அதாவது தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் குழாயமைப்பை, அடித்துவிட்டார்கள். சரவிளக்கு பத்திரமாக இருக்கிறது. ஏன் என்று கேட்டதற்கு, "கல்யாணம் நடக்கிற இடத்தில் நெருப்புப் பேச்சு எதற்கம்மா?" என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள். சரி, சிரிக்கட்டும்.

"ஒன்று திறந்தால் எல்லாம் திறந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் நனைந்துபோவார்கள்" என்கிறார்கள். அது சினிமாவில். கூரையில் தண்ணீர் தெளிக்கும் ஒவ்வொரு தலையிலும் சிவப்புத் திரவம் அடைத்த சின்னக் கண்ணாடிக் குமிழ் இருக்கும். வழக்கமாகப் போடும் வகை 68 டிகிரியில் உடையும். எது சூடாகிறதோ அது மட்டும்தான் திறக்கும். ஆரத்தித் தட்டுக்கெல்லாம் அசையாது.

நான் வேலை பார்த்த துணிக் கிடங்கில் ஒரு ராத்திரி தீப்பிடித்தது. காலையில் போய்ப் பார்த்தால் ஒரே ஒரு தலைதான் திறந்திருந்தது. அதற்குக் கீழே அட்டைப்பெட்டிகள் நமத்த அப்பளமாகத் தொங்கின. பக்கத்து வரிசையில் பள்ளிக்கூடச் சட்டைகள் மடிப்புக் கலையாமல் காய்ந்தே இருந்தன. மத்தியானம் லாரியில் ஏற்றினோம்.

"நாடாளுமன்றத்தில் ஸ்பிரிங்க்ளர் இருந்து என்ன கிழித்தது?" 2022 ஜனவரியில் கேப் டவுனில் தென்னாப்பிரிக்க நாடாளுமன்றம் எரிந்ததைச் சொல்கிறார்கள். வால்வை மூடி வைத்திருந்தார்கள் ஐயா! மூடின குழாயில் தண்ணீர் எப்படி வரும்?

"டர்பனில் குழாயில் தண்ணீரே வருவதில்லையே?" இது நியாயமான கேள்வி. தனித் தொட்டி வேண்டும், கரண்ட் போனாலும் ஓடுகிற டீசல் பம்பு வேண்டும். செலவுதான். ஆனால் இதைக் கேட்டவர் சரவிளக்கின் விலையைக் கேட்கவில்லை.

சிவப்புத் தீயணைப்பு சிலிண்டர் போதுமாம். ராத்திரி பூட்டின மண்டபத்தில் அதை யார் எடுத்து அடிப்பது, சரவிளக்கா?

2023 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க்கில் ஏழைகளும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் குடியிருந்த உசின்டிசோ கட்டடத்தில் 70க்கும் மேற்பட்டவர்கள் தீயில் செத்ததைச் சொன்னேன். "அது வேறு மாதிரி ஆட்கள் இருந்த இடம்" என்றார்கள். அந்த வார்த்தைதான் இன்னும் உறுத்துகிறது. அப்படியானால் டர்பனில் நம் ஆட்கள் வாழும் சாட்ஸ்வொர்த்? 2000 மார்ச்சில் இரவு விடுதியில் 13 பிள்ளைகள் நெரிசலில் போனார்கள். அங்கே நெருப்புகூட இல்லை, கண்ணீர்ப்புகைதான். அவர்களும் வேறு மாதிரி ஆட்களா?

அபசகுனமாகப் பேசுகிறவள் என்று பெயர் வைத்துவிட்டீர்கள், பரவாயில்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் எடுத்துவிடுங்கள். அதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: மண்டபத்துப் பின்வாசல் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது?