பேர் வைக்க ஒரு நிமிஷம் கூடவா இல்லை?

நேற்று மெயில் சர்வரின் ஐபி, அதாவது நெட்வொர்க் முகவரி, மாறியது. 192.168.10.25 போய் 192.168.20.25. இவ்வளவுதான் வேலை. ஆனால் எதை உள்ளே விடலாம், எதைத் தடுக்கலாம் என்று ரூல் வைத்து நெட்வொர்க்கைக் காக்கும் ஃபயர்வாலைத் திறந்தால், அந்தப் பழைய எண்ணை 31 ரூல்களில் தனித்தனியாக அடித்து வைத்திருக்கிறார்கள்! ஒவ்வொன்றாகத் திறந்து, மாற்றி, சேமித்து முடிக்க ராத்திரி பதினொன்று. அதிலும் ஒன்று விட்டுப்போய், காலையில் கணக்குப் பிரிவில் யாருக்கும் மெயில் போகவில்லை.

பிஎஃப்சென்ஸ் என்கிற ஃபயர்வால் மென்பொருளில் இதற்கென்றே 'ஏலியாஸ்' இருக்கிறது. லினக்ஸின் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸில் 'செட்'. விஷயம் ஒன்றுதான்: ஐபிகளுக்குப் பேர் வைத்து ஒரு குழு, 25, 465, 587, 993 என்று மெயில் போர்ட்டுகளுக்கு (மெயில் வந்துபோகிற வாசல் எண்கள்) ஒரு குழு. ரூலில் அந்தப் பெயர் மட்டும் போதும். எண் மாறினால் ஒரே இடத்தில் திருத்தலாம்.

இன்னொரு கொடுமை, குழு போடுகிறவர்கள் வைக்கிற பேர். 'குரூப்1', 'டெஸ்ட்2', 'புதுசு'. போன வாரம் 'டெஸ்ட்2'தானே என்று அழிக்கப் போனேன். நல்லவேளை, திறந்து பார்த்தேன். உள்ளே சம்பள சர்வர்! 'மெயில்_போர்ட்', 'சம்பள_சர்வர்' என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்? விளக்கம் எழுதப் பக்கத்திலேயே ஒரு கட்டம் இருக்கிறது. அத்தனை குழுவிலும் அது காலி.