வானத்துக்குப் போனால் பாம்பு பலமிழக்குமா?

“கழுகு பாம்போடு தரையில் மோதாது, வானத்துக்குத் தூக்கிச் செல்லும். அங்கே பாம்புக்குப் பலமே இல்லை” என்றொரு தன்னம்பிக்கைப் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

நம் காடுகளில் வாழும் கொண்டைப் பாம்புக் கழுகு உட்பட, பாம்புண்ணும் கழுகுகள் பெரும்பாலும் தரையிலேயே இரையை நகங்களால் அழுத்தி, அலகால் தலையைச் சிதைக்கின்றன. ஆப்பிரிக்காவின் நீண்டகால் வேட்டைப் பறவையான செயலாளர்ப் பறவை (secretary bird) பாம்பை மிதித்தே கொல்கிறது. ஒரு மிதியின் விசை அதன் உடல் எடையைப்போல் சுமார் 5 மடங்கு.

உயிரோடு தூக்கினால் கழுகுக்குத்தான் ஆபத்து. பாம்பு காலிலும் இறக்கையிலும் சுற்றிக்கொள்ளும், திரும்பிக் கடிக்கும். தரையிலும் அது சும்மா இருப்பதில்லை. நல்ல பாம்பு படமெடுத்துத் தன்னைப் பெரிதாகக் காட்டும். சுருட்டை விரியன் செதில்களை உரசி ஒலியெழுப்பும். ஐரோப்பிய விரியனின் முதுகிலுள்ள நெளிகோட்டு (zigzag) வரியே ஓர் எச்சரிக்கை: அந்த வரி தீட்டிய பொம்மைப் பாம்புகளை இரைகொல்லிப் பறவைகள் குறைவாகவே தாக்கியதை வெட்டவெளி ஆய்வுகள் காட்டியுள்ளன.