நூலக வரி 184 ரூபாய்

போன வாரம் வீட்டு வரி கட்டினேன். ரசீதில் ‘நூலக வரி’ என்று தனியாகப் போட்டிருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. நூலகத் துறை முன்னோடி எஸ்.ஆர்.ரங்கநாதன் பாடுபட்டுக் கொண்டுவந்த 1948 பொது நூலகச் சட்டத்தின் புண்ணியம். எங்களுக்கு அரையாண்டுக்கு 184 ரூபாய். நான் முணுமுணுக்காமல் கட்டுகிற ஒரே வரி இதுதான்.

போன மாதம் அம்மா, சின்ன வயதில் படித்த ஓர் இமயமலைப் பயண நூலை மறுபடி படிக்கணும் என்றார். கிளை நூலகத்துக்குப் போனேன். “இருந்துச்சு சார், கடைசி பீரோல பாருங்க” என்றார் நூலகர். அவரும் கூடவே வந்து தூசி தட்டித் தேடினார், பதிவேட்டையும் புரட்டினார். கிடைக்கவில்லை. மாவட்ட மைய நூலகத்தில் இருக்கலாமாம். பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். இருக்கிறதா இல்லையா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

ராத்திரி சும்மா போனில் தேடினால், தமிழக அரசின் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் அதே புத்தகம்! நாட்டுடைமையான நூல், காசு கிடையாது. துள்ளிக் குதிக்காத குறை.

சந்தோஷம் நாலு பக்கம்தான் நீடித்தது. ஸ்கேன் செய்த பக்கங்கள். அம்மாவுக்குப் புரை எடுத்த கண். எழுத்தைப் பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே ஓடிவிடுகிறது. வலப்பக்கம் தள்ளிப் படித்துவிட்டு, அடுத்த வரிக்கு மறுபடி இடப்பக்கம் இழுக்க வேண்டும். “போதும்டா, தலை சுத்துது” என்று போனைக் கொடுத்துவிட்டார். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதியைப் போட்டுப் பார்த்தேன். மற்றதெல்லாம் ஓரளவு வந்தது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, தும்பிக்கை வைத்த ‘லை’ வந்த இடமெல்லாம் குப்பை. இமயமலைப் புத்தகத்தில் ‘மலை’க்குப் பஞ்சமா?

ஸ்கேன் செய்து ஏற்றியதே பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அது பாதிக் கிணறு. எழுத்தாக மாற்றி மெய்ப்புப் பார்த்தால்தான் தேட முடியும், பெரிதாக்க முடியும், கண் தெரியாதவர்கள் கேட்க முடியும். முடியாத காரியமா? ‘மதுரைத் திட்டம்’ என்ற தன்னார்வக் குழுவினர் 1998 பொங்கலிலிருந்து சம்பளமில்லாமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறார்கள். வரி வாங்குகிற அரசால் ஆகாதா?

அதற்கும் முன்னால் ஒன்று. புது ஆப் எதுவும் வேண்டாம். மாவட்டத்தில் எந்தக் கிளையில் எந்தப் புத்தகம் இருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கும்படி பதிவேடுகளை இணையத்தில் ஏற்றுங்கள். கேட்ட புத்தகம் பக்கத்துக் கிளைக்கு வந்து சேரட்டும். 1931லேயே மன்னார்குடி பக்கம் மாட்டுவண்டி நூலகம் கிராமம் கிராமமாகப் போயிருக்கிறது. அன்றைக்கு வண்டி போன ஊருக்கு இன்றைக்கு ஒரு பட்டியல் போகக்கூடாதா?

‘எல்லார் கையிலும்தான் போன் இருக்கிறதே’ என்பவர்கள் ஒருநாள் காலையில் கிளை நூலகத்துக்கு வாருங்கள். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகள் டேட்டா தீர்ந்துபோய், பக்கத்தில் இருப்பவரிடம் ஹாட்ஸ்பாட் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கே ஒரு வைஃபை, பெரிய திரையோடு ஒரு கணினி, இவ்வளவுதான் கேட்கிறேன்.

அம்மா புத்தகத்தைக் கடைசியில் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ஸ்பைரல் பைண்டிங்கோடு 310 ரூபாய்.