சாட்டில் நடந்தால் கணக்கில் வராதா?

அந்த மழை லீவு ஆன்லைன் வகுப்பு விவகாரம் எல்லாருக்கும் தெரியும்: சில பையன்கள் வகுப்பு சாட்டிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் ஸ்டிக்கர் கொட்டி, பாடம் எடுத்த மேடத்தின் புடவையைப் பற்றியும் எழுத, அவர் வகுப்பைப் பாதியில் முடித்துவிட்டார். ஸ்க்ரீன்ஷாட் காரைக்குடியில் கிளம்பி தேவகோட்டை, புதுவயல் எல்லாம் சுற்றியாயிற்று. கல்லூரி பெயரை நான் சொல்லப்போவதில்லை, கமெண்டில் நீங்களும் எழுதாதீர்கள். பையன்கள் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. "சாட்ல நடந்ததுக்கெல்லாம் நடவடிக்கை எடுக்க விதி கிடையாது" என்று ஒருவர் திருவாய் மலர்ந்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

வகுப்பில் இருபது பேர் சேர்ந்து ஊளையிட்டால் எந்த விதியைச் சொல்லி வெளியே அனுப்புவீர்கள், ஐயா? அதே விதிதான் சாட்டுக்கும். பாடம் நடக்கிற இடம் வகுப்பு. அது கூகுள் மீட்டாக இருந்தாலும் வகுப்புதான்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2009 ராகிங் தடுப்பு விதிமுறையே வளாகத்துக்கு வெளியே இருக்கும் இடங்களையும் மாணவர் போகிற பஸ்ஸையும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. ஜூனியர்களைப் படுத்துவதற்கென்று சீனியர்கள் நடத்துகிற வாட்ஸ்அப் குரூப்பும் ராகிங்தான் என்று 2025-ல் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். மேடத்தின் புடவையைப் பற்றி வந்த அந்த இரண்டு வரி, 2015 பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிமுறையின் கீழ் போக வேண்டிய சங்கதி. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். குழு 90 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும். விதி இல்லையாம்!

அதற்காக ஸ்க்ரீன்ஷாட்டில் இருக்கிற பெயரைப் படித்து அந்தப் பையனை சஸ்பெண்ட் செய்யச் சொல்லவில்லை. மீட்டில் தெரிவது கணக்கில் வைத்திருக்கிற பெயர். சொந்த ஜிமெயிலில் யார் வேண்டுமானாலும் அடுத்தவன் பெயரையும் ரோல் நம்பரையும் போட்டுக்கொண்டு உள்ளே வரலாம். லிங்க் இன்ஸ்டாவுக்குப் போயிருக்கும். பாடத்துக்கு நடுவில் மேடம் மொத்தமாக "அனுமதி" அழுத்தியிருப்பார். மின்னஞ்சல் முகவரியோடு வருகைப் பட்டியல் கிடைத்தால்தான் ஆள் யாரென்று தெரியும். ரெக்கார்டிங் ஓடியிருந்தால் சாட் தனி ஃபைலாக டிரைவில் கிடக்கும். ஓடவில்லையென்றால் வகுப்பு முடிந்ததோடு பெரும்பாலும் சாட்டும் போச்சு.

வாட்ஸ்அப் இன்னும் மோசம். எழுதியதை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். எல்லாருக்கும் சேர்த்து அழிக்க இரண்டு நாளுக்கு மேல் அவகாசம் உண்டு. அதனால் ரோஷப்பட்டு குரூப்பை விட்டு வெளியேறுவதற்கு முன்னால், சேமித்த பெயர் தெரியாமல் நம்பரே தெரிகிற மாதிரி படம் எடுங்கள். அப்புறம் சாட்டை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்று ஒப்பந்தப் பத்திரம் எழுதி வாங்குகிற நகரத்தார் ஊரில் எழுத்தின் அருமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்து, குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, பதில் சொல்ல நாள் கொடுத்து, நேரில் கேட்க வேண்டும். ஸ்டிக்கர் கொட்டியவனுக்கு எச்சரிக்கை போதும். புடவை வரி எழுதியவனையும் அவனையும் ஒரே தட்டில் வைத்தால் அது விசாரணையே இல்லை.

"கருத்துச் சுதந்திரம், ஐ.டி. சட்டத்தின் 66ஏ பிரிவையே உச்ச நீதிமன்றம் 2015-ல் ரத்து செய்துவிட்டது" என்று ஒரு தம்பி வருவார். தம்பி, அது சிறைக்கு அனுப்புகிற பிரிவு. இங்கே பேச்சு கல்லூரி ஒழுங்கைப் பற்றி. நிர்வாகத்தைத் திட்டி எழுதினால் நானே உங்கள் பக்கம் நிற்பேன். பாடத்தை நடத்தவிடாமல் முந்நூறு ஸ்டிக்கர் கொட்டுவது எந்தக் கருத்து?

"அட்மினைப் பிடியுங்கள்" என்கிறவர்களுக்கு: உள்நோக்கத்தில் பங்கு இல்லாமல், அட்மினாக இருந்ததற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று நம்ம உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே 2021-ல் சொல்லிவிட்டது. "பையன்கள் எதிர்காலம்" என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. மேடத்துக்கும் ஓர் எதிர்காலம் உண்டு என்பது உங்களுக்கு எப்போதாவது தோன்றியதா?

அவர் கௌரவ விரிவுரையாளர். பெயரில் மட்டும் கௌரவம். அடுத்த வருடம் வேலை இருக்குமா என்பதே தெரியாதவர் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பார்? நிரந்தரப் பேராசிரியர் வகுப்பில் இதே கூத்து நடந்திருந்தால் மறுநாளே குழு கூடியிருக்கும், மறுக்க முடியுமா?

இப்போது நடவடிக்கை ஒன்று எடுத்திருக்கிறார்கள், மேடத்தின் மேல். வகுப்பைப் பாதியில் முடித்ததற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டுமாம். அந்த மெமோ வாட்ஸ்அப்பில்தான் வந்தது. அதற்கு மட்டும் எந்த விதி என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.