லெக்ஸ் லூதரைக் கெடுத்ததில் கென்ட் வீட்டுக்கும் பங்கு உண்டு

‘ஸ்மால்வில்’ தொடரைப் பற்றிப் பேச்சு வந்தாலே சூப்பர்மேனை வளர்த்த அப்பா ஜொனாதன் கென்டைத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். “அப்பான்னா இப்படி இருக்கணும்” என்று நாலு பேராவது எழுதிவிடுகிறார்கள். நல்ல மனிதர்தான், மறுக்கவில்லை. ஆனால் பின்னாளில் சூப்பர்மேனின் பரம எதிரியாகும் லெக்ஸ் லூதர் கெட்டுப்போன கணக்கை எடுத்தால் அவர் பெயரும் அதில் வரும். அடிக்க வருபவர்கள் முழுவதும் படித்துவிட்டு வாருங்கள்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 2001 அக்டோபரில் தொடங்கி 2011 மே வரை பத்து சீசன் ஓடிய அமெரிக்கத் தொடர். கிளார்க் கென்ட் சூப்பர்மேன் ஆவதற்கு முன்னால், கான்சாஸில் பண்ணை வீட்டுப் பையனாகப் பள்ளிக்கூடம் போன நாட்களின் கதை. உருவாக்கிய ஆல்ஃபிரட் காஃபும் மைல்ஸ் மில்லரும் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். அந்த நீல உடை கிடையாது, பறப்பதும் கிடையாது. பறக்காத சூப்பர்மேனை வைத்து வாராவாரம் எதைக் காட்டுவது? அடுப்படி மேசையில் உட்கார வைத்து அப்பா அம்மாவோடு பேச வைத்தார்கள். தொடர் பிழைத்ததே அதனால்தான் என்பேன். விண்கல்லால் சக்தி பெற்று வாரத்துக்கு ஒருவன் கிளம்பி வருவானே, அவர்களில் பாதிப் பேரின் முகம்கூட இப்போது நினைவில் இல்லை.

நினைவில் நிற்பது முதல் எபிசோடின் பாலம். லெக்ஸின் போர்ஷே கட்டுப்பாடு இழந்து கிளார்க்கை மோதி, தடுப்பை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுகிறது. கிளார்க் காரின் கூரையைக் கிழித்து அவனை வெளியே இழுத்துப் போடுகிறான். நன்றிக்கடனாக லெக்ஸ் ஒரு புது டிரக்கை அனுப்பிவைக்கிறான். ஜொனாதன் சாவியைப் பிடுங்காத குறையாகத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். லூதர் வீட்டுப் பணம் ஊரைக் கெடுத்துச் சம்பாதித்த பணம் என்பது அவர் வாதம். அப்போது பையன் செய்வதைக் கவனியுங்கள். மரத்தைத் தூளாக்கும் இயந்திரத்துக்குள் கையை விடுகிறான். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் சாதாரணப் பிள்ளையா என்று கேட்கிறான். டிரக்கில் தொடங்கிய சண்டை பிறப்பு ரகசியத்தில் போய் முடிகிறது. அப்பா நிலவறைக்குக் கூட்டிப்போய் விண்கலத்தைக் காட்டுகிறார். ‘லூதரை நம்பாதே’ என்பதும் ‘நீ இந்தப் பூமியில் பிறந்தவன் இல்லை’ என்பதும் பையனுக்கு ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. அதற்குப் பிறகு அவனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியுமா?

லூதர்கள் மேல் ஜொனாதனுக்கு ஏன் இவ்வளவு கோபம்? இரண்டாவது சீசனில் விடை வருகிறது. 1989இல் விண்கல் மழை பெய்த அன்று, தலைமுடியெல்லாம் கொட்டி மயங்கிக் கிடந்த மகன் லெக்ஸைத் தூக்கிக்கொண்டு லயனல் லூதர் நடுரோட்டில் நின்று வண்டியை மறிக்கிறார். நிறுத்தி ஏற்றிக்கொண்டது கென்ட் தம்பதியின் டிரக். அதே டிரக்கில்தான் சற்று முன் கண்டெடுத்த குழந்தை கிளார்க்கும் இருந்தான். அதாவது பாலத்துக்கு வெகுகாலம் முன்பே இந்த இரண்டு பிள்ளைகளும் ஒரே வண்டியில் போயிருக்கிறார்கள்! பின்னால் கிளார்க்குக்குத் தத்தெடுப்புக் காகிதங்கள் தேவைப்படும்போது லயனல் ஏற்பாடு செய்து கொடுக்கிறார். பதிலுக்கு, ராஸ் குடும்பத்தாரின் சோளத் தொழிற்சாலையைத் தனக்கு விற்கும்படி அவர்களிடம் ஜொனாதன் பேசித்தர வேண்டும். பேசித் தருகிறார். லயனல் அங்கே வேலை பார்த்தவர்களை நடுத்தெருவில் விட்டுவிடுகிறார்.

ஆக, அந்தக் கோபத்தில் பாதி வெட்கம். தன் கை பட்ட பாவத்தை நினைவூட்டுகிற குடும்பம் அது. லயனல் மேல் காட்ட வேண்டியதைத்தான் வாசலுக்கு வரும்போதெல்லாம் அந்த இளைஞன் மேல் காட்டுகிறார்.

லெக்ஸ் அந்த வீட்டுக்கு வந்தது எதற்கு? அவன் வீட்டில் அப்பா மகனுக்குப் பாடம் நடத்துவதே மனசில் குத்துவதன் மூலம்தான். கென்ட் வீட்டில் ஜொனாதனின் மனைவி மார்த்தா காபி கொடுப்பார். அதற்காகவே வந்துகொண்டிருந்தான் என்றுதான் எனக்குத் தோன்றும். லெக்ஸாக நடித்த மைக்கேல் ரோசன்பாம் அந்த வாசல் காட்சிகளில் ஒரு தயக்கத்தைக் கொண்டுவருவார், பணக்காரத் திமிரெல்லாம் ஒரு நொடியில் வடிந்துவிடும். இரண்டாவது சீசன் தொடக்கத்தில் ரோஜர் நிக்சன் என்ற பத்திரிகைக்காரனிடமிருந்து ஜொனாதனின் உயிரைக் காப்பாற்ற லெக்ஸ் துப்பாக்கியால் சுடுகிறான், ஆள் செத்தும் போகிறான். அதற்குப் பிறகும் அவரது சந்தேகம் முழுசாகத் தீரவில்லை.

நியாயமாகப் பார்த்தால், அந்த நிக்சனைக் கிளார்க் மேல் ஏவியதே லெக்ஸ்தானே என்பீர்கள். உண்மைதான். நசுங்கிய போர்ஷேயை எடுத்துப் பத்திரப்படுத்தியவன், நண்பனைப் பற்றி ஒரு அறை நிறைய ஆராய்ச்சி சேர்த்து வைத்தவன். மூன்றாவது சீசன் முடிவில் கிளார்க் அந்த அறையைப் பார்த்ததும் நட்பு முறிகிறது. அதைச் சரியென்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் கார் கிளார்க்கை மோதியதைக் கண்ணால் பார்த்தவனிடம் ‘உனக்குத்தான் பிரமை’ என்று மூன்று வருடம் சாதித்தால் அவன் வேறென்ன செய்வான்? தன் புத்தியையே சந்தேகிக்க வேண்டும், இல்லையென்றால் தோண்ட வேண்டும். அவன் தோண்டினான்.

ரகசியத்தை மறைத்தது சரிதான் என்பதற்குப் பீட் ராஸை உதாரணம் காட்டுவார்கள். கிளார்க் உண்மையைச் சொன்ன ஒரே நண்பன் அதைச் சுமக்க முடியாமல், அடி உதை வாங்கி, ஊரைவிட்டே போனான். வலுவான வாதம்தான். ஆனால் கிளார்க்கின் பள்ளித் தோழி குளோயி? நான்காவது சீசனில் தானே கண்டுபிடித்துவிட்டு, அவனாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். கடைசிவரை அவனுக்குத் துணையாகவும் நின்றாள். ஆக, ரகசியம் ஆளைப் பொறுத்து. லெக்ஸ் எப்படிப்பட்ட ஆள் என்று பார்க்க அந்த வீடு முயலவே இல்லை, லூதர் என்ற பெயரிலேயே முடிவு கட்டிவிட்டது.

(கிளார்க்கின் முதல் காதலி லானா பற்றி இங்கே பேசப்போவதில்லை, பேசினால் பதிவு முடியாது. அவள் கழுத்தில் கிடக்கும் பச்சைக்கல், பெற்றோரைக் கொன்ற விண்கல்லின் துண்டு. அந்தக் கல் பக்கத்தில் இருந்தாலே கிளார்க்கின் பலம் போய்விடும், அதனாலேயே அவள் கிட்டே வந்தால் இவன் தடுமாறி விழுகிறான். முதல் காதலை இதைவிட நன்றாக எந்த வசனத்தாலும் காட்டியிருக்க முடியாது. அந்த மாலை கழன்ற பிறகு அந்தக் காதல் கதையில் எனக்கு ருசியே இல்லை.)

2006 ஜனவரியில் வந்த நூறாவது எபிசோடில் ஜொனாதன் இறக்கிறார். மாநில செனட் தேர்தலில் லெக்ஸைத் தோற்கடித்த அதே இரவு. அழுதேன், அது வேறு. ஏழாவது சீசனோடு ரோசன்பாமும் விலக, மீதி மூன்று சீசன்களை நான் பழக்கதோஷத்தில்தான் பார்த்தேன்.

எனக்கு ஆறாத கோபம் கடைசி எபிசோட் மேல். லெக்ஸைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள், கிளார்க்கும் அவனும் எதிரெதிரே நின்று பேசுகிறார்கள், தொடர் முழுக்க வந்ததிலேயே நல்ல உரையாடல்களில் ஒன்று. சற்று நேரத்திலேயே லெக்ஸின் சகோதரி டெஸ் அவன் மேல் மருந்தைத் தடவி நினைவையெல்லாம் அழித்துவிடுகிறாள். காமிக்ஸில் சூப்பர்மேன் யாரென்று லெக்ஸுக்குத் தெரியக்கூடாதே, அதற்காக. மூன்றாவது சீசனிலும் மின்அதிர்ச்சி கொடுத்து இதையேதான் செய்தார்கள். அதே எபிசோடில் இறந்துபோன ஜொனாதன் ஆவியாக வந்து அந்த உடையைத் தன் கையாலேயே மகனுக்கு எடுத்துக் கொடுக்கிறார். லெக்ஸுக்கு? ஏழு வருடம் கழித்து அமெரிக்க ஜனாதிபதியாகத் தேர்வானான் என்று செய்தித்தாளில் ஒரு தலைப்பு.