பெரியம்மா கேட்டது

ஊழல் வழக்கில் சிக்கியவர்கள் மக்களவைத் தேர்தலில் மறுபடி நிற்பதே மக்களை ஏமாற்றும் வேலை என்கிறது நான் வாசித்த ஒரு கட்டுரை. பாதிதான் ஒத்துக்கொள்வேன். 2ஜி அலைக்கற்றை ஊழல் வழக்கில் 2011-ல் கைதாகி ஒரு வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்த திமுகவின் முன்னாள் மத்திய அமைச்சர் ஆ. ராசா, 2014-ல் நீலகிரியில் மறுபடி நின்று தோற்றார். நோட்டாவுக்கே 46,000-க்கு மேல் விழுந்தது. (அந்தத் தேர்தலில் திமுகவுக்கு ஒரு இடமும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.) 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது, 2019-ல் அங்கேயே ஜெயித்தார். ஜனங்கள் யோசித்துத்தான் போடுகிறார்கள்.

ஆனால் யோசிக்க விவரம் வேண்டுமே! வேட்பாளர்கள் தங்கள் மேல் உள்ள வழக்குகளைப் பத்திரிகையிலும் டிவியிலும் வெளியிட வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் முக்கூடலில் பெரியம்மா மடியில் சொளவோடு (முறத்தோடு) பீடி சுற்றிக்கொண்டிருந்தபோது அப்படி ஒரு விளம்பரத்தை வாசித்துக் காட்டினேன். முழுக்கப் பிரிவு எண்ணும் வக்கீல் தமிழும்தான். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "ஏல, நம்பரா வாசிக்கியே, அவரு என்ன செஞ்சாருன்னு சொல்லு" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை.

வழக்கு உள்ளவரை ஏன் நிறுத்துகிறோம் என்று கட்சியே காரணம் சொல்ல வேண்டும், ஜெயிப்பார் என்பது மட்டும் காரணமாகாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அந்தக் காரணத்தை பிரச்சார வேனில் நின்று, பெரியம்மாவுக்கு விளங்குகிற பேச்சில் சொல்லட்டும்.